கடைசி வீட்டில் திரும்பும் சைக்கிள்

எங்கள் மாரே தெருவில் மத்தியானம் தூங்குகிற யாரும் முழுசாகச் சொந்தக் கனவு கண்டதில்லை. சாப்பிட்டுக் கண்ணயரும் நேரம் பார்த்து ஜசீராவின் சைக்கிள் வந்துவிடும். பின்னால் ஒலிபெருக்கிப் பெட்டி, அதற்கடியில் பழைய கார் பேட்டரி, ஹேண்டில்பாரில் கட்டிய மைக். அவள் சொல்கிற தெருச் செய்தியில் பாதியைக் கடற்காற்று தின்றுவிட்டு, மீதியை எங்கள் ஜன்னலுக்குள் தள்ளும். ஒருநாள் மஞ்சள் கிளி ஒன்று என் நெற்றியில் உட்கார்ந்து என்னை ஞானஸ்நானத்துக்கு அழைத்தது. எழுந்து விசாரித்தால், தையற்காரர் வீட்டுக் கிளியைக் காணோம். ரொட்டிக்கடைக்காரர் பேத்திக்கு ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். என் கணவர், செத்துப்போன தன் அம்மா கனவில் வந்து வீடு வீடாக கேஸ் சிலிண்டர் விற்றதாகச் சொல்லி ஒரு வாரம் கலங்கிப்போயிருந்தார்.

ஜசீரா குட்டையானவள், கனத்தவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள். தண்ணீர் வராது என்பதையும், மீன் வந்திருக்கிறது என்பதையும், இன்னார் இறந்துவிட்டார் என்பதையும் ஒரே குரலில்தான் சொல்வாள்.

"ஏண்டி, சாவுச் சேதியையாவது கொஞ்சம் சோகமா சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன்.

"சோகத்த அவங்கவங்க போட்டுக்கட்டும் லிண்டால்வா. எல்லாருக்கும் ஒரே அளவா உப்புப் போட முடியுமா?" என்றாள்.

தெரு போய்க் கடலில் முட்டுகிற இடத்தில் கடைசி வீடு அனீசியோவுடையது. கப்பல்களில் சமையல்காரராக இருந்தவர், மனைவியை இழந்தவர். நாள் முழுக்கச் சட்டையில்லாமல் தொப்பையைக் காட்டிக்கொண்டு திரிகிற மனுஷன், சைக்கிள் சத்தம் கேட்டதும் சட்டை மாட்டி, எல்லாப் பொத்தானையும் போட்டுக்கொண்டு, ஒரு கிளாஸ் முந்திரிப்பழ ஜூஸோடு வாசலில் நிற்பார். ஜசீரா அங்கே காலை ஊன்றிக் குடிப்பாள்.

"இன்னிக்கு என்ன சேதி?"

"தெரு பூரா கத்திட்டுத்தானே வரேன். கேக்கலையா?"

"கேட்டேன். இன்னொரு தடவ சொல்லுங்களேன்."

மைக்கை அணைத்துவிட்டு அவருக்கு மட்டும் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்வாள். பிறகு அந்த வாசலில்தான் சைக்கிளைத் திருப்புவாள். இரண்டு பேரும் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்குத்தான் பார்த்துப் பார்த்துப் பொறுமை போய்விட்டது.

இந்த மழைக்காலத்தில் கடல் கரைக்கல்லையெல்லாம் வாரிக்கொண்டு போனது. கடைசி வரிசை வீடுகளைப் பௌர்ணமிக்கு முன்னால் காலி செய்ய வேண்டும், அன்றைக்கு அலை உள்ளே வரும் என்று நகராட்சியிலிருந்து ஓர் ஆள் வந்து ஜசீராவிடம் சொல்லிவிட்டுப் போனான். அவள் அறிவித்தாள். ஜனங்கள் அழுதார்கள், கடலை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள், ஃபிரிட்ஜைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். அனீசியோ மட்டும் அசையவில்லை.

என் மரவள்ளி அடைக்கடை தெருமுனையில் இருக்கிறது. அங்கிருந்து கவனித்தேன். கடைசி வீட்டை நெருங்கும்போது ஜசீராவின் குரல் நின்றுவிடுகிறது. திரும்பி வந்தவளை மறித்தேன்.

"அந்த மனுஷன்கிட்ட சொன்னியா இல்லியா?"

"ஊருக்கே சொன்னேனே."

"அவருகிட்ட?"

"ஜூஸ் குடிச்சேன், வந்துட்டேன்." அவள் கண் கலங்கியது. "அவரு போய்ட்டா அங்க என்னடி இருக்கு? வெறும் தண்ணி."

"அதுக்காக அவரு முங்கிச் சாகணுமா?"

இரக்கம் எனக்கும் வந்தது, ஆனால் கத்தி முடித்த பிறகுதான் வந்தது.

அவள் சொல்ல மாட்டாள் என்று தெரிந்ததும் பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்னால் நானே போனேன். சமையலறையின் பின்சுவர் இருந்த இடத்தில் கடல் இருந்தது. அலையின் வெளிச்சம் கூரையில் நெளிந்தது. அனீசியோ கணுக்கால் அளவுத் தண்ணீரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பழம் பிழிந்துகொண்டிருந்தார். சத்தமே இல்லை. ஒரு கணம் எனக்கும் அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது.

"பைத்தியமாண்ணே உங்களுக்கு? எல்லாரும் காலி பண்ணியாச்சு!"

"ஜசீரா சொல்லலையே."

"அடுப்பு மேல நண்டு ஏறி உக்காந்திருக்கு. அதுவுமா சொல்லல?"

சிரித்தார். கிளாஸைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எல்லாம் கேட்டுச்சு லிண்டால்வா. காத்து அன்னிக்கு இந்தப் பக்கந்தான் அடிச்சுது. நான் போய்ட்டா, பாவம், அவங்க எங்க திரும்புவாங்க?"

என்னால் இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு இருக்க முடியுமா? நேராகப் போய் ஜசீராவிடம் கொட்டிவிட்டேன். ஓர் அடை கேட்டாள், கொடுத்தேன், அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் மத்தியானம் கடல் எங்கள் வீட்டுக்குள் வந்தது. வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு, மரியாதையாக, அறை காலியாக இருக்கிறதா என்று கேட்டது. விழித்துக்கொண்டேன். குரல் மட்டும் நிற்கவில்லை.

"மாரே தெரு மக்களே, அறை ஒண்ணு வாடகைக்கு இருக்கு. மேட்டுத் தெருவுல, ஜசீரா வீட்டுல. ஜன்னல் உண்டு, கடல் தெரியாது. தனி ஆளா இருக்கணும், சமைக்கத் தெரிஞ்சிருக்கணும். வாடகை, மத்தியானம் ஒரு கிளாஸ் முந்திரிப்பழ ஜூஸ்." அதே குரலில் தொடர்ந்தாள்: "கடைசி வீட்டுக்காரர் இன்னிக்கே காலி பண்ணணும். கடல் வருது. சொல்லிட்டேன்."

அந்த 'சொல்லிட்டேன்' மட்டும் உடைந்தது.

தூக்கம் ஒட்டிய முகங்களோடு தெருவே வெளியே வந்தது. "நீயும் கேட்டியா? கனவு இல்லையே?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். நான் ஓடினேன்.

அனீசியோ சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். கையில் கிளாஸ். ஜசீரா வாங்கிக் குடித்தாள். குடித்து முடிக்கும்வரை அவளை யாரும் பார்க்கக் கூடாது என்பதுபோல் கிளாஸால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"அந்த அறைய யாருக்காவது குடுத்தாச்சா?" என்று கேட்டார் அவர்.

"இப்பத்தானே சொன்னேன்."

"இன்னொரு தடவ சொல்லுங்களேன்."

அவள் மைக்கை அணைத்துவிட்டுச் சொன்னாள். எங்களுக்குக் கேட்கவில்லை.

அவர் உள்ளே போய் ஒரு பையோடு வந்தார். பின்சுவர் இல்லாத அந்த வீட்டின் முன்கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. ஜசீரா வழக்கமான இடத்தில் சைக்கிளைத் திருப்பினாள். அவர் ஒலிபெருக்கிப் பெட்டியில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே பின்னால் போனார்.

பௌர்ணமி அலை வீட்டை எடுத்துக்கொண்டது. பூட்டிய கதவு இரண்டு நாள் கழித்து வேறு கரையில் ஒதுங்கியதாக அவளே அறிவித்தாள். இப்போதும் ஜசீரா தெரு முடிகிற இடம்வரை போகிறாள், தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்க்கிறாள், திரும்பிவிடுகிறாள். ஜூஸ் வீட்டில் இருக்கிறது.