என் ஃபைல் முழுக்க அவர் பெயர்

என் பழைய மேலாளர் என் உழைப்பைத் திருடியவர். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2006-இல் பசுமலையில் ஒரு சின்ன சாப்ட்வேர் கம்பெனியில் இருந்தேன். முப்பது பேர்கூட இல்லை. அங்கே ஒரு வழக்கம். வெளிநாட்டுக் கஸ்டமருக்கு யார் மெயில் எழுதினாலும் அது மேலாளரின் பெயரில்தான் போகும். "கஸ்டமருக்கு ஒரு மூஞ்சிதான் தெரியணும் மாப்ள" என்பார். எந்த டீம் எப்போது முடிக்கும், எங்கே வேலை இழுக்கிறது, யாரை முடுக்க வேண்டும் என்று எல்லாம் நான் பார்ப்பேன். நானே எழுதி, அடியில் அவர் பெயரையும் நானே தட்டுவேன். பதவி உயர்வு கேட்டால், "வெளிய எவன்டா ஒனக்கு இந்த வேலையக் குடுப்பான்?" என்று சிரிப்பார்.

அந்த வருஷம் ஒரு பெரிய கம்பெனி, கோரிப்பாளையம் பக்கம் ஒரு ஹோட்டலில் இன்டர்வியூ வைத்தது. டெக்னிக்கல் புரோகிராம் மேனேஜர் வேலை. நாலைந்து டீம்களின் வேலையைக் கோத்து, சொன்ன தேதியில் முடிக்க வைக்க வேண்டும். நான் செய்துகொண்டிருந்ததும் அதுதான். எனக்கு முப்பத்திநாலு வயது. இதை விட்டால் அந்த ஆளிடமே கிடக்க வேண்டும் என்று தெரியும்.

இரண்டு வருட மெயில்களை பிரின்ட் எடுத்து, ஃபைல் போட்டுப் பெருமையாக நீட்டினேன். கேள்வி கேட்ட அம்மாள் நாலு பக்கம் புரட்டினார்.

"எல்லாத்துலயும் வேற ஒருத்தர் பேர் இருக்கே?"

தூக்கிவாரிப் போட்டது. தினமும் தட்டித் தட்டி அந்தப் பெயர் என் கண்ணில் படுவதே நின்றுபோயிருந்தது. எங்கள் ஆபீஸ் வழக்கத்தைச் சொன்னேன். எனக்கே அது பொய் மாதிரி கேட்டது.

"கூட வேலை பார்த்தவங்க யார்கிட்டயாவது இப்பவே பேசலாமா?" என்றார்.

நடந்தது முழுவதும் தெரிந்த ஆள் ஒருத்திதான். எங்கள் டெஸ்டர், சாப்ட்வேரை ஓட்டிப் பார்த்துத் தப்புக் கண்டுபிடிப்பவள், வில்லாபுரத்திலிருந்து வரும் சௌராஷ்டிரப் பெண். ஆனால் முந்தின வாரம்தான், கடைசி நேரத்தில் தப்பு இருக்கிறது என்று டெலிவரியை நிறுத்தியதற்காக, "கண்ணு தெரியலேன்னா வீட்டுல உக்காரு" என்று எல்லார் முன்னாலும் அவளைத் திட்டியிருந்தேன். அதிலிருந்து என்னிடம் பேச்சே இல்லை. வேறு வழியில்லாமல் நம்பரைக் கொடுத்தேன். நான் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாள் ஸ்பீக்கரில் போட்டார். தான் யார், எதற்குக் கூப்பிடுகிறார் என்று சொல்லி, மெயில்களைப் பற்றிக் கேட்டார்.

"எல்லாம் அந்த அண்ணன் எழுதுனதுதான் மேடம்."

பின்னால் எங்கள் மேலாளர் குரல் கேட்டது: "யாரும்மா போன்ல?"

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அவள், "ஒரு நிமிஷம் சார்" என்றாள். குரலைக் கொஞ்சம்கூடத் தாழ்த்தாமல் தொடர்ந்தாள்: "எங்க சார் பேரப் போடுறது இங்க வழக்கம் மேடம். அதுல என்ன இருக்குன்னு சாருக்கே தெரியாது."

"ஆள் எப்படி?"

"வாய் மோசம். போன வாரம் என்னைய எம்புட்டு வஞ்சாரு தெரியுமா! தப்பு பூரா அவரு மேலதான். ஆனா மறுநாளு கஸ்டமருக்கு, எங்க டெஸ்டர்தான் கண்டுபிடிச்சாங்கன்னு என் பேரப் போட்டு எழுதிட்டாரு. எங்கிட்ட மன்னிப்பு மட்டும் கேக்கல."

அந்த அம்மாள் ஃபைலைப் புரட்டி அந்த மெயிலைத் தேடி எடுத்துப் படித்தார். பிறகு என்னைப் பார்த்து, "முதல்ல போய் மன்னிப்பு கேளுங்க" என்றார். அடுத்த வாரம் வேலை உத்தரவு வந்தது.

இன்டர்வியூ முடிந்த அன்றே பைக்கை நேராகப் பசுமலைக்கு விட்டிருந்தேன். வாசலிலேயே அவளைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒங்களுக்காகச் சொல்லலண்ணே. கேட்டாங்க, நடந்ததச் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு, பஸ் வந்துவிட்டது என்று ஓடினாள்.

நான் போன மறுமாதமே, அந்தப் போன் பேச்சுக்காக, மேலாளர் அவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டார். என் புது கம்பெனியில் சொல்லிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். "நானே தேடிக்கிறேண்ணே" என்றாள். தேடிக்கொள்ள ஏழு மாதம் ஆயிற்று. அந்த ஏழு மாதமும் எனக்குச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. நான் இன்று சாப்பிடுகிற சோற்றில் அவளுக்குப் பங்கு உண்டு என்று நினைக்காத நாள் இல்லை.

மேலாளர் சார், இந்தப் பத்திரிகையை நீங்கள் வாங்குவீர்கள் என்று தெரியும். உண்மையைச் சொன்னதைத் தவிர அந்தப் பெண் என்ன தவறு செய்தாள்? எனக்குப் போன் போட்டுச் சமாதானம் சொல்ல வேண்டாம். இதே பக்கத்தில், உங்கள் பெயரைப் போட்டு, நீங்களே எழுதிப் பதில் சொல்லுங்கள்.