சுண்ணாம்புக் குழியில் இறங்கிய மேஸ்திரி

நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுத வேண்டும் என்று பெரியவர்கள் எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். அண்ணனைப் பற்றி எழுத நல்லதைத் தவிர வேறென்ன இருக்கிறது? ஆனால் அவருடைய நல்லதைச் சொல்லப் போனால், இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் சிலருக்குத் தலை குனியும். குனியட்டும். அண்ணன் கண்மூடி ஓராண்டு ஆகிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அண்ணன் பிறந்தது ஆற்காட்டுக்கு அருகே, பாலாற்றங்கரையில். பஞ்சம் பிழைக்க எங்கள் தகப்பனார் குடும்பத்தோடு ஆம்பூருக்கு வந்து தோல் பதனிடும் ஷாப்பில் கூலிக்குச் சேர்ந்தார். வாந்திபேதியில் தாயும் தகப்பனும் ஒருவர் பின் ஒருவராகப் போனபோது நான் கைக்குழந்தை. அண்ணனுக்கு அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. அதே ஷாப்பில் கூலிக்குப் போய் என்னைத் தூக்கி வளர்த்தவர் அவர். வேலூரில் மிஷன் பள்ளியில் சேர்த்து உபாத்தியாயினி ஆக்கியவரும் அவரே. தமக்கென்று ஒரு கல்யாணத்தை அவர் நினைக்கவே இல்லை. பெண் கொடுக்க வந்தவர்களைச் சிரித்துப் பேசியே திருப்பி அனுப்பிவிடுவார்.

தோல் ஷாப்பில் மேல் கீழ் என்று இரண்டு வேலை உண்டு. மயிர் கழல்வதற்காகத் தோலை முதலில் சுண்ணாம்புக் குழியில் ஊறப் போடுவார்கள். பிறகு ஆவாரம்பட்டைச் சாற்றில் போட்டுப் பதனிடுவார்கள். பட்டைக் குழியில் நிற்பவனுக்குக் கை கறை படிவதோடு சரி. சுண்ணாம்பில் நிற்பவனுக்கோ கையும் காலும் வெந்து வெடித்துப்போகும். அதில் ஒரு தரம் இறங்கியவனுக்குச் சாகிறவரை அதுதான் இடம். அண்ணன் மேஸ்திரி ஆகும்வரை இதை யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

அண்ணன் பிரம்பு எடுக்காத மேஸ்திரி. இரண்டு பேர் சண்டையிட்டுக்கொண்டு வந்து நின்றால், தன் நியாயத்தைச் சொல்ல யாரையும் விடமாட்டார். முதலில் எதிராளிக்கு என்ன மனக்குறை என்பதைத்தான் சொல்ல வேண்டும். எதிராளி, ஆமாம் அதுதான் என் குறை என்று ஒப்புக்கொண்ட பிறகே தன்னுடையதைச் சொல்லலாம். பாதிச் சண்டை அங்கேயே சிரிப்பாகி முடிந்துவிடும்.

சுண்ணாம்பு ஆட்களுக்கும் பட்டை ஆட்களுக்கும் தகராறு முற்றியபோதும் அதையே செய்தார். வாரம் மாற்றி வாரம் எல்லாரும் சுண்ணாம்பில் இறங்க வேண்டும் என்பது சுண்ணாம்புக்காரர்களின் கோரிக்கை. பட்டை ஆட்கள் முடியாது என்றார்கள். அவர்களுக்குப் பெரியவர் ஏழுமலை. அவரை அழைத்துச் சுண்ணாம்புக்காரர்களின் குறையைச் சொல்லச் சொன்னார் அண்ணன்.

ஏழுமலை வெகுநேரம் தலையைச் சொறிந்தார். "சோத்தப் பெசஞ்சா கை எரியுதுன்றாங்க. கொழந்தையத் தூக்குனா கொழந்த மேல கீறிப் போவுதாம்" என்றார். தம் பக்கத்தைச் சொல்லாமலே முறைக்குத் தலையாட்டிவிட்டார். அன்று முதல் வாரமுறை வந்தது. சில மாதம் கழித்து, சுண்ணாம்புக் குழியிலேயே கிடந்த சவரி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, புண் ஆறிய உள்ளங்கையை விரித்துக் காட்டி அழுதார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு வந்தது கேடு. ஏழுமலை சுண்ணாம்பில் இறங்கிய வாரத்தில், பழைய சுண்ணாம்பில் போட வேண்டிய தோலையெல்லாம் புதுச் சுண்ணாம்பில் போட்டுவிட்டார். புதுசின் காரம் தாங்காமல் தோல் வெந்து, இழுத்தால் கிழிந்தது. ஏழுமலை ஓடிவந்து அண்ணன் காலில் விழுந்தார்.

ஷாப்பு முதலாளி சாயபு கெட்டவர் அல்லர். யார் செய்தது என்று மட்டும் கேட்டார். பெயரைச் சொன்னால் ஏழுமலைக்குச் சோறு போய்விடும். புது ஆளுக்குக் குழியைக் காட்ட வேண்டியவன் மேஸ்திரி, காட்டாதது என் தப்பு என்று அண்ணன் சொல்லிவிட்டார். சாயபுவுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"சரி, வுடு. இந்த வாரமுறை பேஜாரு இனிமே வாணாம். அத்த நிறுத்திட்டு நீயே மேஸ்திரியா இரு" என்றார்.

அண்ணனுக்குத் தம் பதவி பெரிதா, முறை பெரிதா என்ற கேள்வி வந்தது அப்போதுதான். ஆட்களைக் கேட்காமல் நிறுத்த மாட்டேன் என்றார். சாப்பாட்டு வேளையில் எல்லாரும் முற்றத்தில் கூடினார்கள். சாயபுவும் வந்து நின்றார். முறை வேண்டும் என்பவர்கள் வாய் திறந்து சொல்லுங்கள் என்று அண்ணன் கேட்டார்.

பட்டை ஆட்கள் பேசவில்லை, அது போகட்டும். ஏழுமலை தரையைப் பார்த்தார். சுண்ணாம்பு ஆட்களும் பேசவில்லை. உள்ளங்கையை விரித்துக் காட்டிய சவரி அன்று அதை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டு நின்றாராம். முறை வேண்டும் என்று யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் போதும், சாயபு இறங்கி வந்திருப்பார். பின்னால் அவரே என்னிடம் சொன்னார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அன்றைய சாப்பாட்டு வேளை வரைகூட இவர்கள் நினைக்கவில்லை.

முறையை என் வாயால் நிறுத்த மாட்டேன் என்று அண்ணன் மேஸ்திரி வேலையை விட்டார். வாணியம்பாடியில் அவரைக் கூப்பிட ஆள் இருந்தது. போகச் சொல்லி எவ்வளவோ மன்றாடினேன். அவரோ அதே ஷாப்பில் கூலியாக, சுண்ணாம்புக் குழியில் இறங்கினார். அங்கே கிடந்து சாக வேண்டுமா என்று கேட்டேன்.

"நான் ஒருத்தன் எறங்குனா, ஒருத்தன் மேல ஏறுவான் இல்ல பாப்பா" என்றார்.

மேலே ஏறியவர் சவரி. இன்றைக்கும் பட்டைக் குழியில்தான் இருக்கிறார்.

முதிர்ந்த உடம்பு சுண்ணாம்பைத் தாங்கவில்லை. கையில் வந்த புண் ஆறவே இல்லை. விஷம் ஏறி, காய்ச்சலில் வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கடைசியில் கஞ்சியை நான்தான் ஊட்ட வேண்டியிருந்தது. அவர் போன அன்று ஷாப்பே திரண்டு வந்தது. சவப்பெட்டியைத் தூக்க நீ நான் என்று போட்டியிட்டார்கள். வாயடைத்து நின்றவர்கள் எல்லாருக்கும் அன்று அழக் குரல் வந்தது.

நன்றி சொல்லி முடிக்க வேண்டும். இரவு பகல் பாராமல் புண்ணுக்குக் கட்டுப் போட்ட ஆஸ்பத்திரி அம்மாளுக்கும், நோன்பு நாளிலும் எங்களுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த அடுத்த வீட்டு பீபியம்மாளுக்கும், வேலூருக்கு வண்டி கொடுத்த சாயபுவுக்கும் என் மனமார்ந்த நன்றி.

இனி வருவதைப் படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். சாவதற்கு முன் அண்ணன் என்னிடம், "நன்றி சொல்றப்ப நம்ம ஆளுங்கள வுட்டுறாத பாப்பா. ஏழுமலைக்கு மொதல்ல சொல்லு, அவன் வெக்கப்பட்டுக்கினு வூட்டுப் பக்கமே வர்றதில்ல" என்றார். ஏழுமலை அவர்களே, முதல் நன்றி உங்களுக்கு. அடுத்தது சவரி அவர்களுக்கும், முற்றத்தில் நின்ற மற்றவர்களுக்கும். இது அண்ணன் சொல்லச் சொன்ன நன்றி. என்னிடம் உங்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.