மூன்று விரல், இரண்டு இடுக்கு

ஆஸ்பத்திரியின் பில்லிங் அறையில் அவளுக்கு 'முதுகெலும்பு அக்கா' என்றுதான் பெயர். பதினாறு வருடமாக ஒரே வேலை. டாக்டர் எழுதிய ஆபரேஷன் குறிப்பைப் படித்து, செய்ததற்கெல்லாம் உரிய குறியீட்டு எண்ணைப் போட வேண்டும். எண் சரியாக இருந்தால்தான் இன்ஷூரன்ஸ் கம்பெனி அசையும். அதிலும் முதுகெலும்பை இணைக்கிற ஆபரேஷன் என்றால் அக்காவுக்குச் சாப்பாடே மறந்துபோகும். "என் முகம் மறந்தாலும் மறக்கும், அடுத்தவன் முதுகு உனக்கு மறக்காது" என்பார் வீட்டுக்காரர். பொய்யில்லை.

அன்று மணி மூன்றரை. ஒரு பஸ் டிரைவரின் பில் மூன்றாம் முறையாகத் திரும்பி வந்திருந்தது. மறுநாள் காலை அவர் மகள் படிப்புக்காக வெளிநாடு கிளம்புகிறாள். நாலு மணிக்குக் கம்பெனி கதவைச் சாத்தினால் பிறகு இரண்டு நாள் விடுமுறை. பில் முடியாமல் அவரை வீட்டுக்கு விட மாட்டார்கள். வராண்டாவில் அவர் மனைவி பையும் கையுமாக, கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து நின்றாள்.

எத்தனை இணைப்பு என்பதற்கு அக்கா போட்டிருந்த எண்ணிக்கை இரண்டு. கம்பெனியின் அனுமதிக் கடிதம் அப்போதுதான் அவள் கைக்கு வந்தது. அதில் மூன்று. இரண்டும் ஒத்துப்போகாமல்தான் பில் திரும்பித் திரும்பி வந்திருக்கிறது.

"மூணுன்னே போட்டுத் தொலைம்மா," என்றார் மேனேஜர். "அவங்களே கூடத் தரேங்கிறாங்க, உனக்கென்ன வந்துச்சு?"

"செய்யாத வேலையை அந்த மனுஷன் முதுகுல எழுதச் சொல்றீங்களா சார்? நாளைக்கு இன்னொரு டாக்டர் இதை நம்பிட்டா?"

கடிதத்தையும் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். குறிப்பில் மூன்று எலும்புகளின் பெயர். சட்டென்று பொறி தட்டியது. கம்பெனிக்காரன் எலும்பை எண்ணியிருக்கிறான்! எண்ண வேண்டியது எலும்பை அல்ல, நடுவில் இணைத்து மூடுகிற இடுக்கை. சந்தோஷம் தாங்காமல் நாற்காலியை இடித்துத் தள்ளிவிட்டு போனை எடுத்தாள்.

கம்பெனி அதிகாரி லேசில் பிடிகொடுக்கவில்லை. "மேடம், மூணு எலும்புன்னு உங்க டாக்டரே எழுதியிருக்காரு."

"தம்பி, இடது கையை மேசையில வைங்க. ஆள்காட்டி, நடு, மோதிர விரல், மூணையும் விரிங்க. விரிச்சாச்சா? நடுவுல எத்தனை இடுக்கு?"

மேனேஜரும் தன் விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு," என்றது போன். "அனுமதியைத் திருத்தி இப்பவே அனுப்புறேன் அக்கா."

நாலு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது பில் ஏறியது. அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வராண்டாவுக்கு ஓடிச் சொன்னாள். மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள்.

டிரைவர் ஊன்றுகோலோடு மெல்ல நடந்து வந்தார். "ரெண்டுங்கிறாங்க, மூணுங்கிறாங்க. என் முதுகுல என்னதாம்மா பண்ணாங்க?"

அக்கா மூன்று விரல்களை விரித்துக் காட்டி, பிறகு ஒன்றாகச் சேர்த்தாள். "மூணு எலும்பு, ரெண்டு இடுக்கு. இப்போ இடுக்கே இல்ல அண்ணே."

"அப்போ நாளைக்கு எம் பொண்ணுக்கு நிமிர்ந்து நின்னு டாட்டா காட்டலாம்."

லிஃப்ட் கதவு மூடும்போது அவர் கை உயர்ந்தது. மூன்று விரல்கள், இடுக்கில்லாமல் சேர்ந்திருந்தன.