முதலில் மேல் நட்டு

எண்ணெய் மாற்றும் நாளில் தெரு வளைவு வரை ஓட்டிச் சென்று திரும்பி வந்து, என்ஜினை அணைத்துவிட்டு, பழைய சாக்கை விரித்து மல்லாந்து படுத்து, ஜீப்பின் அடிவயிற்றில் புறங்கையை வைத்துப் பார்ப்பார் நர்ஸம்மா. ஊர்க் குழந்தைகளின் நெற்றியில் காய்ச்சல் பார்த்த அதே புறங்கை. சூடு போதுமென்றால், "ம், இளகியிருக்கு" என்பார். போதாவிட்டால் எழுந்து இன்னொரு முறை வளைவு வரை போய்வருவார். குளிர்ந்த எண்ணெய் கசடை அடியிலேயே விட்டுவிட்டுத் தான் மட்டும் வெளியே வரும். சூடான எண்ணெய்தான் கசடையும் கையோடு அழைத்துக்கொண்டு வரும் என்பது அவர் கண்ட உண்மை.

பணி ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிறது. 'நர்ஸம்மா' என்ற பெயருக்குத்தான் இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை. ஆற்றின் அக்கரைக் குடியிருப்பில், அவர் கையில் பிறந்தவர்களுக்கே இப்போது நரை தட்டுகிறது. வாரந்தோறும் கணவரையும் ஏற்றிக்கொண்டு ஜீப்பில் ஆற்றைக் கடந்து போய், ஒருவருக்கு இரத்த அழுத்தம் பார்த்து, இன்னொருவருக்குப் புண்ணைக் கழுவிக் கட்டி, மாத்திரை விழுங்காத மூன்றாமவரைத் திட்டிவிட்டு வருவார். போகச் சொல்லி அவரை யாரும் அனுப்பவில்லை. வர வேண்டாம் என்று அக்கரையில் யாரும் சொன்னதுமில்லை. பாலம் இல்லாத ஆறு அது; சாதாரணக் கார்கள் கரையோடு நின்றுவிடும்.

வண்டிக்கு அடியில் புகும்போது கணவரின் பழைய முழுக்கைச் சட்டையை மேலே மாட்டிக்கொள்வார். அதில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அளவெடுத்துத் தைத்த தனித்தனிப் பைகள் உண்டு. கணவர் தையற்காரர், வீட்டின் முன்னறைதான் கடை. இயந்திரம் என்றால் அவருக்குத் தெரிந்தது தையல் இயந்திரம் ஒன்றே. என்றாலும் எண்ணெய் மாற்றும் நாளில் கடையைச் சாத்திவிட்டு, முக்காலியில் அமர்ந்து, ஸ்பேனரை வாங்குவதும் துணியை நீட்டுவதுமாக இருப்பார்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் வெளிச்சம் காட்டுங்களேன்."

"காட்டுறேன். சூரியனை நகர்த்தச் சொல்லாத வரைக்கும் சரி."

கியர் பாக்ஸுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் இரும்புப் பெட்டியின் மேல்தான் நர்ஸம்மாவுக்குத் தனிக் கரிசனம். என்ஜினின் பலத்தை வாங்கி, முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் பங்கிட்டுக் கொடுப்பது அது. டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று பெயர். நர்ஸம்மாவுக்கு அது 'பரிமாறுற பெட்டி.' "பரிமாறுறவ பசியை யாரு பாக்குறா? எல்லாரும் என்ஜினுக்குத்தான் ஊத்துறாங்க. இதுக்கும் ஒரு வாய் எண்ணெய் வேணும்ல" என்பார்.

அந்தக் கரிசனத்துக்குக் காரணம் உண்டு. ஜீப் சுகாதாரத் துறையின் உடைமையாக இருந்த காலத்தில் அதை ஓட்டியவருக்கு 'அவசரம்' என்று பட்டப்பெயர். நல்ல மனிதர், பாடிக்கொண்டே ஓட்டுவார். என்ஜினில் ஊற்றினால் வண்டி முழுவதற்கும் போய்ச் சேரும் என்று மனதார நம்பியவர். அந்த நம்பிக்கை நடு ஆற்றில் ஒருநாள் உடைந்தது. வறண்டுபோன பெட்டி பற்களை அரைத்துக்கொண்டு இறுகிவிட, ஒரு சக்கரமும் சுழலவில்லை. பின்னிருக்கையில் நிறைமாதப் பெண் ஒருத்தி. இளம் செவிலியான நர்ஸம்மா அவளை மணல்திட்டில் இறக்கி, ஜீப்பின் கித்தான் கூரையைக் கிழித்து மறைப்புக் கட்டிப் பிரசவம் பார்த்தார். தாயும் சேயும் பிழைத்தார்கள். கூரைதான் பிழைக்கவில்லை.

புதுக் கூரை தைக்க வந்த இளைஞரோ அளவெடுக்கவே நான்கு முறை வந்தார். "ஜீப்பு வளருதா என்ன, மறுபடி மறுபடி அளக்கறீங்க?" என்று நர்ஸம்மா கேட்டதும், அவர் அளவுநாடாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் கழுத்தில் மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டதும், அந்த வீட்டில் இன்றுவரை சொல்லிச் சிரிக்கும் கதை. ஆற்றில் இறுகிப்போனதற்குப் பதிலாக அன்று மாற்றிய பெட்டிதான் இன்றும் ஓடுகிறது. துறை ஜீப்பைக் கழித்தபோது, இவர்கள் அதை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள்.

பெட்டியின் பக்கவாட்டில் இரண்டு நட்டுகள்: மேலே ஊற்றுவதற்கு, கீழே வடிப்பதற்கு. முதலில் மேல் நட்டு என்பது நர்ஸம்மாவின் மாறாத விதி. கீழ் நட்டைக் கழற்றி எண்ணெயை வடித்துவிட்டு, அதன்பின் மேல் நட்டு அசைய மறுத்தால் புது எண்ணெயை எந்த வழியாக ஊற்றுவது? வண்டி வெறும் வயிற்றோடு நிற்க வேண்டியதுதான்.

இந்த விதியோடு பின்னாளில் ஒரு வாக்கும் சேர்ந்துகொண்டது. அவருக்கு ஒரு தம்பி. பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். அக்காவின் தோள்வலியைக் கண்ட நாள்முதல், "இந்த வயசுல ஆத்துல வண்டியை இறக்குறியே, ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா?" என்று நச்சரித்துவந்தார். அதைப் பொறுக்கமாட்டாமல் நர்ஸம்மா சொன்னார்: "மேல் நட்டை என்னைக்கு என் கையால கழட்ட முடியலையோ, அன்னைக்கு வண்டிச் சாவி உன் கையில. அதுவரைக்கும் வாயை மூடு." அன்றிலிருந்து எண்ணெய் மாற்றும் நாளிலெல்லாம் தம்பி வந்து, மதில்மேல் அமர்ந்து காவல் காப்பார். நட்டு கழலும் சத்தம் கேட்டதும் தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்.

சென்ற மாதம் ஒருநாள் காலையிலேயே வானம் கருத்திருந்தது. அக்கரையில் ஒரு பெரியவரின் காலில் ஆறாத புண். கட்டுப் பிரித்துப் பார்க்க வேண்டிய நாள் அது. முந்திய வாரம் ஆற்றில் ஆழம் மிகுந்திருந்ததால், பெட்டிக்குள் தண்ணீர் புகுந்திருக்குமோ என்ற ஐயம் வேறு. எண்ணெயை மாற்றாமல் கிளம்ப நர்ஸம்மாவுக்கு மனம் வரவில்லை. சாக்கை விரித்துப் படுத்து, மேல் நட்டில் ஸ்பேனரை மாட்டினார்.

மதில்மேலிருந்து குரல் வந்தது. "என்னக்கா, சத்தத்தையே காணோம்?"

"நட்டு உன்னை மாதிரிடா. சொன்னா கேக்காது."

"பலமா திருப்பு."

"திருப்புறேன். நீ வாயால திருப்புறதை விடப் பலமாத்தான் திருப்புறேன்."

இன்னொரு முறை முயன்றார். தோளிலிருந்து முழங்கை வரை மின்னல் போலொரு வலி ஓட, ஸ்பேனர் நழுவி விரல்முட்டி இரும்பில் மோதியது. அந்தச் சத்தம் கேட்டுத் தம்பி மதிலைவிட்டு இறங்கினார்.

தையற்காரர் தம் செருப்பைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார். "போன தடவை நான்தான இறுக்குனேன். ஒழுகிடக் கூடாதேன்னு கொஞ்சம் அழுத்திட்டேன்."

"கொஞ்சமா?" என்றது அடியிலிருந்த குரல்.

"ரெட்டைத் தையல் அளவுக்கு."

தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டு, கிடந்த குழாய்த் துண்டொன்றை எடுத்து வந்தார். அக்காவின் அருகே படுத்து, அதை ஸ்பேனரின் பிடியில் செருகி, நீண்ட அந்தப் பிடியை இழுத்தார். 'டக்'கென்று நட்டு இளகியது. இத்தனை காலமாக இந்த நாளுக்குத்தான் அவர் காத்திருந்தார். ஆனால் வாயிலிருந்து வந்த சொற்கள் வேறாக இருந்தன.

"இது அத்தான் பண்ணின வேலை. கணக்குல வராதுக்கா. நான் லேசா இறுக்கி வைக்கறேன், நீ ஒரு தடவை கழட்டிடு. முடிஞ்சுது."

நர்ஸம்மா எண்ணெய்த் தட்டைக் கீழ் நட்டுக்கு அடியில் நகர்த்தினார். கீழ் நட்டைத் தம்பியே கழற்றினார். தட்டில் விழுந்த எண்ணெய், பால் கலந்த தேநீரின் நிறத்தில் இருந்தது. தண்ணீர் புகுந்தது உண்மைதான். நர்ஸம்மா அதை விரல்களுக்கிடையே தேய்த்து முகர்ந்தார். கருகல் வாடை இல்லை. இரும்புத் துகளைப் பிடித்துவைக்க நட்டின் நுனியில் இருந்த காந்தத்தைத் துணியால் வழித்தார். சாம்பல்நிறப் பசைதான் ஒட்டியிருந்தது, ஒரு சில்லும் இல்லை. "பல்லெல்லாம் பத்திரம். இப்படியே ஓட்டியிருந்தா பேரிங்கைத் துரு தின்னிருக்கும்" என்றார். கீழ் வழியை அடைத்து, மேல்துளை வழியாகப் புது எண்ணெய் வழிந்து சொட்டும் வரை ஊற்றினார். பிறகு ஸ்பேனரைத் தம்பியிடம் நீட்டினார்.

"நீயே இறுக்கு. அளவா."

"அக்கா, நான் சொன்னேனே."

"போன தடவை இவர் கையில ஏன் ஸ்பேனரைக் குடுத்தேன்னு நீ கேக்கலையே." அவர் எழுந்து உட்கார்ந்து, விரல்முட்டியின் இரத்தத்தைத் துடைத்தார். "கை ஏறலைடா. கழட்டிட்டேன், இறுக்க முடியலை. அன்னைக்கே முடிஞ்சு போச்சு. நான்தான் மூச்சு விடலை."

சட்டையின் மேற்பையிலிருந்து சாவியை எடுத்துத் தம்பியின் கையில் வைத்தார். தம்பி அதைச் சுடுபொருளைப் போல இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாக மாற்றிக்கொண்டார்.

"சரிக்கா. அப்ப நான் வரட்டுமா?"

"எங்க? ஏறு வண்டியில. மழை இறங்குறதுக்குள்ள அக்கரைக்குப் போயாகணும்."

"நானா?"

"வண்டியைக் குடுத்துடறேன்னு சொன்னேன். போறதை விட்டுடறேன்னு எப்ப சொன்னேன்? பெரியவர் காலைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு."

"எனக்குப் பஸ்தான் பழக்கம்."

"வண்டி நிறையப் பிள்ளைங்களை மேய்க்கிறவன்தானே நீ? நாங்க ரெண்டே பேரு. அடம் பிடிக்க மாட்டோம்."

"நான் கொஞ்சம் பிடிப்பேன், மாப்ளே" என்றார் தையற்காரர். சொல்லிக்கொண்டே மருந்துப் பையை எடுத்துக்கொண்டு, இத்தனை ஆண்டுகளாகத் தாம் அமர்ந்துவந்த முன்னிருக்கையை விட்டுப் பின்னால் ஏறினார். அந்த இடத்தில் நர்ஸம்மா ஏறி அமர்ந்து கதவைச் சாத்தினார். அங்கிருந்து பார்த்தால் தெரு சற்று அகலமாகத் தெரிகிறது என்றார்.

ஆற்றங்கரையில் தம்பி வண்டியை நிறுத்திவிட்டார். தண்ணீர் பழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. எங்கே ஆழம், எங்கே கல் என்று அவருக்குத் தெரியவில்லை. அக்காவைத் திரும்பிப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

நர்ஸம்மா அவரைப் பார்க்கவில்லை, எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலிக்காத கை மட்டும் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே இறங்கி, பரிமாறுற பெட்டியை நான்கு சக்கரங்களோடும் இணைக்கும் குட்டைக் கம்பியைப் பற்றி ஒரே தள்ளாகத் தள்ளியது. பிறகு அந்தக் கை மடிக்குத் திரும்பாமல், கம்பியின் தலைமேலேயே இருந்தது.