இருபத்து மூன்று பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு

எங்கள் பத்தாம் வகுப்பு சாரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை.

மாட்டுப்பட்டிக்கு மேலே, தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீடு. கொரோனாவில் பள்ளியைப் பூட்ட, பாடமெல்லாம் போனுக்குள் போன வருடம் அது. வகுப்பில் இருபத்து மூன்று பேர். பாடம் நடக்கும் ஆப்பில் எல்லோருக்கும் ஐடி போட்டுக் கொடுத்தவர் சார்தான். ஆளாளுக்குப் பாஸ்வேர்டை மறந்துவிட்டுப் போன் செய்து உயிரை எடுப்பார்கள் என்று, பள்ளியின் பெயரோடு ஒன்று இரண்டு மூன்றைச் சேர்த்து அத்தனை பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்தார். அதைப் பெயர்ப் பட்டியலோடு வகுப்புக் குழுவிலும் போட்டார். மாற்றத் தெரிந்தவர்களும் மாற்றக் கூடாது என்று உத்தரவு வேறு. "நான் ஒருத்தன் எத்தனையைத்தான் ஞாபகம் வைக்க?" என்றார்.

ஒரு நாள் காலை அறிவியல் டீச்சர் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, திரையின் கீழே என் பெயரில் ஒரு வரி வந்தது. டீச்சரின் உடம்பைப் பற்றிய வரி. இங்கே எழுத மாட்டேன். மழையில் சிக்னல் போய் நான் அப்போது வகுப்பிலேயே இல்லை. மறுநாள் என்னையும் அம்மாவையும் பள்ளிக்கு வரச் சொன்ன பிறகுதான் விஷயமே தெரியும்.

கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அம்மா, இடுப்பில் கட்டிய சாக்கைக்கூட அவிழ்க்காமல் வந்தாள். அறையில் தலைமை ஆசிரியை, சார், அறிவியல் டீச்சர் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். எங்களை உட்காரச் சொல்லவில்லை. மேசைமேல், நான் மன்னிப்புக் கடிதம் எழுத ஒரு வெள்ளைத்தாள் கிடந்தது.

"மாப்பு எழுதிக் கொடுத்துட்டுப் போ," என்றார் சார். "இல்லேன்னா உன் டிசியில எழுத வேண்டியதை நான் எழுதுவேன்."

எழுதினால் அந்த வரி என்னுடையதாகிவிடும். எழுதாவிட்டால், நடத்தை சரியில்லை என்ற சான்றிதழை வைத்துக்கொண்டு எந்தப் பள்ளியில் பிளஸ் ஒன் கேட்பது? எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

"நான் எழுதல சார்."

"பின்ன உன் ஐடியில பேய் வந்து எழுதுச்சா? லயத்துல வளர்றதுக்கு வேற என்ன வாய் வரும்!"

அம்மா நிமிர்ந்தாள். "லயத்துல தண்ணிப் பைப்புதான் சார் பொது. வாய் அவளுக்குத் தனியாத்தான் இருக்கு."

தலைமை ஆசிரியைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை இருமலாக்கிச் சமாளித்தார். எனக்குத் தைரியம் கொடுத்தது அந்த இருமல்தான்.

"டீச்சர், உங்க போனைக் கொஞ்சம் தாங்க," என்று அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். தந்தார். சாரின் ஐடி எனக்குத் தெரியும். முதல் நாள் எங்களுக்கு அதில்தான் செய்து காட்டியிருந்தார். அதைப் போட்டு, அதே பள்ளிப் பெயரையும் ஒன்று இரண்டு மூன்றையும் அடித்தேன். திறந்துகொண்டது. எல்லோருடைய மதிப்பெண்களும், பெண் பிள்ளைகளின் போன் நம்பர்களும் வரிசையாக வந்து நின்றன.

"இப்ப சார் பேர்ல ஒரு வரி போடட்டுமா?" என்று கேட்டேன். "போட்டா நீங்க மாப்பு எழுதுவீங்களா சார்?"

சார் எழுந்தே விட்டார். "பாத்தீங்களா டீச்சர்! திருட்டுப் புத்தி! இவதான்னு இப்பவாவது நம்புறீங்களா?"

அறிவியல் டீச்சர் அவர் பக்கம் திரும்பினார். "சார், என் ஐடியும் நீங்கதானே போட்டுக் கொடுத்தீங்க. அதுக்கும் இதேதானா?"

"எல்லாம் ஒண்ணா இருந்தா சௌகரியம்னு..."

டீச்சர் தன் போனை என்னிடமிருந்து வாங்கி அங்கேயே தன் பாஸ்வேர்டை மாற்றினார். அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அடித்தார். தலைமை ஆசிரியை வெள்ளைத்தாளை எடுத்து மேசை டிராயருக்குள் போட்டுவிட்டு, "நீ போம்மா," என்றார்.

வருட முடிவில் டிசியில் நடத்தை நன்று என்றே வந்தது. ஆனால் யாரும் என்னிடம் மாப்பு கேட்கவில்லை. அந்த வரியை எழுதியது யார் என்று தேடவும் இல்லை. சாரைப் பொறுத்தவரை இன்றும் அது நான்தான்.

எங்களைப் பள்ளிக்குக் கூப்பிட்ட அன்று மாலையே அவர் குழுவில் புதிய பாஸ்வேர்டு ஒன்றை அறிவித்தார். மறுபடியும் எல்லோருக்கும் ஒன்றேதான். என்னுடையதை நான் மதியமே மாற்றியிருந்தேன். அது என்ன என்று கேட்டு சார் போன் செய்தார். அம்மாதான் எடுத்தாள்.

"கேட்டுப் பாத்தேன் சார்," என்றாள். "எனக்கே சொல்ல மாட்டேங்கிறா."