மைனஸ் ஒன்று இல்லையென்றால்

குன்வோருக்குப் பிடிவாதம் என்று ஸ்வீடனின் லின்ஷோப்பிங்கில் எங்கள் அலுவலகமே சொல்லும். பக்கத்து மேசைக்காரனான நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அது கோபம், நியாயமான கோபம்.

படங்களைத் திறக்க மற்ற நிறுவனங்கள் தங்கள் நிரலில் சேர்த்துக்கொள்ளும் லைப்ரரி ஒன்றை அவள் பராமரித்தாள். அதில் ஒரு பழைய ஃபங்ஷன்: அகலம், உயரம் கொடுத்தால் படத்துக்குக் கணினியின் நினைவகத்தில் எவ்வளவு இடம் வேண்டும் என்று சொல்லும். தோல்வி என்றால் மைனஸ் ஒன்று. விடை முப்பத்திரண்டு பிட்டுக்குள், அதாவது சுமார் இருநூற்றுப் பதினான்கு கோடிக்குள், அடங்கியாக வேண்டும். படம் ரொம்பப் பெரிதானால் பெருக்கல் எல்லை தாண்டி, எண் மறுமுனைக்குச் சுற்றிப்போய், மைனஸ் நூற்றொன்பது கோடி என்று ஏதாவது வந்து நிற்கும். மைனஸ் ஒன்று இல்லையே, அப்படியானால் வெற்றிதான். கையிலிருக்கும் சின்ன இடமே போதும் என்று நம்பி, வாடிக்கையாளரின் நிரல் நினைவகத்தில் கண்ட இடத்திலும் எழுதித் தள்ளும்.

குன்வோர் அந்த ஃபங்ஷனையே நீக்கினாள். புதியது பெருக்கும் முன்பே எல்லையைப் பார்க்கும். அளவை அறுபத்துநான்கு பிட்டில் தரும். வெற்றியா தோல்வியா என்பதைத் தனியாகச் சொல்லும். ஆனால் பழையதை நம்பியவர்கள் தங்கள் நிரலை மாற்ற வேண்டும். பெரிய வாடிக்கையாளரான வரைபட நிறுவனம் முடியாது என்றது.

காபி நேரத்தில் மேலாளர் தோர்க்கெல் வந்தான்.

“பழையதையும் வெச்சிருவோம் குன்வோர். அவ்ளோ பெரிய படத்தை யாரு அனுப்பப் போறா?”

“அனுப்பக் கூடாதுன்னு எங்கயாவது தடுத்திருக்கோமா?”

“எச்சரிக்கைன்னு கொட்டை எழுத்துல போட்டுடலாம்.”

“அதைப் படிக்கிறவன் தப்பு பண்ண மாட்டான். நான் படிக்காதவனுக்கு எழுதறேன். பழைய வாசலைத் தொறந்து வெச்சுட்டு, புது வாசலுக்குப் பூட்டு எதுக்கு?”

தோர்க்கெலின் முகம் சிவந்தது. “ஒத்துக்கோ. இல்லேன்னா நாளையிலேர்ந்து லைப்ரரிய வேற ஆள் பாத்துக்குவாங்க.”

“பாக்கட்டும். பழையதைச் சேர்க்கிற வரியில என் பேர் இருக்காது.”

அவனே பழையதைத் திரும்பச் சேர்த்தான். நிரலைச் சரிபார்த்து இயங்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர் எச்சரித்தது, எண்ணின் வகையை வலுக்கட்டாயமாக மாற்றி அதன் வாயை அடைத்தான். ஆனால் எங்களிடம் இன்னொருவர் ஒப்புதல் இல்லாமல் எதுவும் உள்ளே போகாது. மேசையைச் சுற்றிப் பார்த்தான்.

“யாராவது ஒருத்தர் ஓகே பண்ணுங்கப்பா.”

என் வாயில் பட்டை வாசனை பன். மென்றபடியே மாட்டேன் என்று தலையாட்டினேன். மற்றவர்கள் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள். எனக்குப் பரம சந்தோஷம்.

“சரி, பழையது போகட்டும். நீயே அவங்ககிட்ட சொல்லித் தொலை,” என்று தோர்க்கெல் போனை அவள் பக்கம் தள்ளினான்.

குன்வோர் வரைபட நிறுவனத்தை அழைத்தாள். “எங்க புதுப் பதிப்பை எடுத்தீங்கன்னா உங்க நிரல் கம்பைல் ஆகாது.”

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

“இல்லைங்க, கோளாறு இல்ல. வேணும்னேதான் பண்ணியிருக்கோம்.”