சர்க்கரை டப்பாவுக்குப் பேர் தொரீனோ

வெளிநாட்டுத் தபால் பிரிவில் அவரைப் பூகோளம் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. படிப்பு நாலாம் வகுப்பு, அதிலும் முழுப் பரீட்சை எழுதவில்லை. ஆனால் உலகத்தில் எந்த ஊரைச் சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டுவார். நீண்ட கை போய் நிற்கிற இடத்தில் அந்த ஊர் இருக்கும். உலகப் படத்தில் அல்ல, அவர் முக்காலிக்கு எதிரே நின்ற மர அலமாரியில்.

அந்த அலமாரியில் ஆறு வரிசை. வரிசைக்குப் பன்னிரண்டு கட்டம். மொத்தம் எழுபத்திரண்டு ஊர்கள், அகரவரிசையில். ஒவ்வொரு கட்டத்தின் கீழேயும் ஊர்ப் பெயர் எழுதின சீட்டு. முதல் கட்டம் அலெப்போ. தபால்களை இடது கையில் அடுக்கிக்கொண்டு, வலது கையால் ஒவ்வொன்றாக உருவி, அதனதன் கட்டத்தில் விசிற வேண்டும். இதுதான் வேலை. கேட்பதற்கு எளிது. மணிக்கு ஆயிரத்து ஐந்நூறு உறைகளை விசிறிப் பார்த்தால்தான் தோள்பட்டை யாருடையது என்று தெரியும்.

பூகோளம் அந்த முக்காலிக்கு யார் சிபாரிசிலும் வரவில்லை. லாரியிலிருந்து தபால் மூட்டை இறக்கும் ஆளாகத்தான் உள்ளே நுழைந்தார். மூட்டை கிழிந்து கொட்டிய உறைகளைப் பொறுக்கும்போது ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தார். மூன்று வருஷம் அப்படிப் பொறுக்கினார். ஒருநாள் தபால் பிரிக்கிறவர் வரவில்லை, மூட்டைகள் கூரையைத் தொட்டன. "நான் உட்காரட்டுமா?" என்று கேட்டார். சிரித்தவர்கள் சாயங்காலம் சிரிக்கவில்லை. பட்டம் வாங்கினவன் நாற்காலியைத் தேடிப் போவான், உழைத்து முன்னுக்கு வந்தவனை நாற்காலி தேடி வரும். இவரைத் தேடி வந்தது முக்காலி. அதனால் என்ன, ஒரு கால்தானே குறைவு.

இருபத்தெட்டு வருஷத்தில் அவர் கட்டம் மாற்றிப் போட்டது மொத்தம் ஒன்பது தபால். "அதுல மூணு காய்ச்சல்ல போட்டது, கணக்குல சேராது" என்பார். மூட்டை கட்டுமுன் ஒவ்வொரு கட்டத்தையும் எடுத்துச் சரிபார்க்கிற ஆள் ஒருவர் உண்டு. தடித்த கண்ணாடி போட்டவர், ஆகவே பூதக்கண்ணாடி. அவருக்கும் இவருக்கும் ஒரே வயது, ஒரே வாய்த்துடுக்கு. "யோவ் பூகோளம், உன்னால என் வேலையே போயிடும் போலிருக்கே. மாசத்துக்கு ஒரு தப்பாவது பண்ணித் தொலையேன்" என்பார் அவர்.

அந்தக் குறையைத் தீர்த்து வைக்கத்தான் புது மேலதிகாரி வந்தார்.

முப்பத்தைந்து வயதுப் பெண். நிறையப் படித்தவர், ஆனால் கர்வம் இல்லாதவர். வந்த இரண்டாம் வாரம் அலமாரி முன்னால் நின்று சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தார்.

"ஐயா, இந்தப் பேரெல்லாம் அந்தந்த ஊர்க்காரங்க சொல்ற பேர் இல்லையே. டூரின்னு அங்கே யாரும் சொல்றதில்ல. அவங்களுக்கு அது தொரீனோ. புளோரன்ஸ் அவங்களுக்கு ஃபிரென்ட்ஸே. கெய்ரோ, அல் காஹிரா."

"இருக்கட்டும் மேடம். அவங்க வீட்டுல அவங்க என்ன வேணா சொல்லிக்கட்டும்."

"இங்கிலீஷ்காரங்க வாய்க்கு வசதியா மாத்தி வெச்ச பேரை நாம எதுக்குத் தூக்கிச் சுமக்கணும்? ஒருத்தரை அவர் பேர் சொல்லிக் கூப்பிடறதுதானே மரியாதை."

பூகோளம் முக்காலியிலிருந்து இறங்கி நின்றார். பேச்சு என்று வந்துவிட்டால் அவர் உட்கார்ந்து பேச மாட்டார்.

"இங்கிலீஷ்காரன் பேரா? நான் இங்கிலீஷே படிக்கலையே மேடம். எனக்கு எப்படி அது இங்கிலீஷ் பேராகும்? டூரின்னு இருபத்தெட்டு வருஷமா சொல்லிச் சொல்லி என் நாக்குல தேஞ்சு போன பேரு. இப்ப அது என் பேரு. இன்னொண்ணு, தபால் போடறவங்க பத்து விதமா எழுதறாங்க. எப்படி எழுதினாலும் எனக்குப் புரியும். சீட்டுல பேரை மாத்தினா ஊர் வந்து நன்றி சொல்லப் போகுதா?"

"நன்றிக்காக இல்ல ஐயா. சரியா இருக்கணும்னுதான்."

"எழுதியவன் ஏட்டைக் கெடுத்தான்னு சும்மாவா சொன்னாங்க" என்று பூகோளம் பூதக்கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். மேலதிகாரிக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னார்.

திங்கட்கிழமை காலை புதுச் சீட்டுகள் ஒட்டப்பட்டிருந்தன. அழகான கையெழுத்து, அதே அகரவரிசை. அலெப்போ ஹலப் ஆகி, முதல் கட்டத்திலிருந்து கடைசி வரிசைக்குப் போய்விட்டது. ஏதென்ஸ் அத்தீனா ஆகி முதல் கட்டத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. இடையிலிருந்தவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நகர்ந்திருந்தன.

பூகோளம் ஒரு முறை படித்துப் பார்த்தார். எல்லாம் தெரிந்த பெயர்கள்தாம், உறைகளில் பார்த்தவைதாம். "இவ்வளவுதானா" என்று சொல்லிவிட்டு வழக்கமான வேகத்தில் விசிற ஆரம்பித்தார்.

பகலில் பூதக்கண்ணாடி எண்ணி முடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினார்.

"எத்தனை?" என்றார் பூகோளம்.

"நாப்பத்தி மூணு."

"தபால் எத்தனைன்னு கேக்கலை. தப்பு எத்தனை?"

"நானும் தப்பைத்தான்யா சொன்னேன்."

யானைக்கும் அடி சறுக்கும் என்று யாரோ ஆறுதல் சொன்னார்கள். நாற்பத்து மூன்று அடி சறுக்கின யானையை எந்தப் பழமொழியும் தூக்கி நிறுத்தாது.

மேலதிகாரி கோபப்படவில்லை. அதுதான் பூகோளத்துக்கு அதிகமாக வலித்தது.

"பழக ஒரு வாரம் எடுத்துக்கோங்க ஐயா. அடுத்த திங்கக்கிழமை எண்ணிப் பார்ப்போம். பத்துக்கு மேல போனா, உங்களை மூட்டை கட்டற பிரிவுக்கு மாத்தறதைத் தவிர எனக்கு வேற வழி இல்ல. தப்பான நாட்டுக்கு ஒரு தபால் போனாலும் நான் பதில் சொல்லணும்."

மூட்டையில் ஆரம்பித்த ஆளை மறுபடி மூட்டைக்கே அனுப்புவது. ஓய்வு பெற இன்னும் நாலு வருஷம் இருந்தது. நாலு வருஷமும் கயிறும் கையுமாக, எதிரே வேறொருவர் அந்த முக்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கொட்டித் தீர்த்தார். "எல்லாம் இந்தப் பேரால வந்தது. ஊர்க்காரன் வெச்ச பேராம். வாய்ல நுழையாத பேரு."

அந்த அம்மாள் துணி மடித்துக்கொண்டிருந்தார். "எனக்கு எங்கம்மா ஒரு பேர் வெச்சாங்க. கல்யாணம் ஆனதும் அந்தப் பேர் உங்க பாட்டி பேருன்னு உங்கம்மா வேற பேர் வெச்சாங்க. ரெண்டுல எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் அடுப்பை விட்டு எழுந்து வந்தவ நான்தான். நீங்க ரெண்டுமே சொல்ல மாட்டீங்க, 'ஏய்'தான். அதுக்கும் வரலையா?"

"இது ஆபீஸ் விஷயம். உனக்குப் புரியாது."

"சரி, புரியலை. அந்தச் சட்டையை இப்படி எடுங்க."

வாரம் முழுக்க அவர் போராடினார். செவ்வாய் முப்பத்தெட்டு. புதன் நாற்பது. பெயர்களை உருப்போட்டு, வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே நடந்தார். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை, வேகத்தைப் பாதியாகக் குறைத்து ஒவ்வொரு சீட்டாகப் படித்துப் போட்டார். தப்பு பன்னிரண்டாகக் குறைந்தது, ஆனால் மூட்டைகள் மறுபடி கூரையைப் பார்த்து வளர்ந்தன. "உன்னை நம்பி லாரி காத்துக்கிட்டு நிக்குது. டிரைவர் ரெண்டு தூக்கம் தூங்கி எழுந்துட்டாரு" என்றார் பூதக்கண்ணாடி.

சனிக்கிழமை சாயங்காலம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. சமையலறையில் இரண்டு தட்டு நிறைய டப்பாக்கள் இருந்தன, இருபத்து நாலு. அலமாரிக்கு அது போதும். ரொம்பத் தகராறு பண்ணுகிற இருபத்து நாலு ஊர்களின் பெயர்களைச் சீட்டுகளில் எழுதி, கோதுமைமாவுப் பசை காய்ச்சி டப்பாக்களில் ஒட்டினார். பிறகு அவற்றை அகரவரிசையில் அடுக்கினார். பழைய காலண்டர் தாளை உறை அளவுக்கு வெட்டி, ஊர் எழுதி, டப்பா டப்பாவாக விசிறிப் பழகினார். ராத்திரிச் சமையலை முன்கூட்டியே முடித்துவிட்டு மனைவி கடைக்குப் போயிருந்த நேரம் அது. திரும்பி வந்த மனைவி கண்ணில் படாதபடி தாள்களை மறைத்த பூகோளம், டப்பாக்களைத் திருப்பி வைக்க மறந்துவிட்டார்.

ஞாயிறு காலை டீ வந்தது. ஒரு வாய் குடித்த பூகோளம், விழுங்குவதா துப்புவதா என்று யோசித்தார். கடைசியில் விழுங்கினார்.

"இன்னிக்கு டீ ஒரு மாதிரியா இருக்கே."

மனைவி தன் டம்ளரை வாயில் வைத்தார். உடனே கீழே வைத்துவிட்டு சமையலறைக்குப் போனார். உள்ளேயிருந்து டப்பாக்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்டது. பிறகு குரல் வந்தது.

"யாருங்க என் டப்பாவை எல்லாம் இடம் மாத்தினது? சர்க்கரை இருந்த இடத்துல உப்பு. உப்பு இருந்த இடத்துல மிளகு. என்ன இது, டப்பா மேல ஏதோ ஊர் பேரு?"

"பழகறதுக்காக ஒட்டினேன். திங்கக்கிழமை..."

"ஒட்டிக்கோங்க. பேர் என்ன வேணா ஒட்டிக்கோங்க, எனக்கென்ன வந்தது. டப்பா மேல எழுதினதைப் படிச்சுப் பாத்தா நான் சமைக்கறேன்? எடுத்த இடத்துல வெக்கணும், அவ்வளவுதான். முப்பது வருஷக் கை, அது போற இடத்துக்குத்தான் போகும்."

சொல்லிக்கொண்டே இருபத்து நாலு டப்பாவையும் பழைய இடத்துக்கு மாற்றினார். சீட்டுகள் அப்படியே ஒட்டியிருந்தன. அடுப்பில் மறுபடி தண்ணீர் வைத்தார். பாலைப் பார்த்துக்கொண்டே, திரும்பாமல், இடது கையை நீட்டினார். கை நேராகப் போய் தொரீனோ என்று எழுதியிருந்த டப்பாவை எடுத்தது. மூடியைத் திறந்து, சர்க்கரையைப் போட்டு, திரும்ப வைத்தது. பேச்சு நிற்கவில்லை, பார்வையும் திரும்பவில்லை.

பூகோளம் வாசற்படியில் நின்றபடி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் வலது கையைத் தூக்கி, இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"என்ன அங்கே பார்வை?" என்றார் மனைவி.

"ஒண்ணுமில்ல. சுளுக்கு" என்றார்.

திங்கட்கிழமை மற்றவர்களுக்கு முன்னால் போய் மேலதிகாரியின் மேசை அருகே நின்றார். துரதிர்ஷ்டம், பூதக்கண்ணாடியும் அன்று சீக்கிரம் வந்திருந்தார்.

"மேடம், நீங்க எழுதின பேரெல்லாம் அப்படியே இருக்கட்டும். ஊர்களை மட்டும் பழைய கட்டத்துல வெச்சுக் கொடுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்போ அகரவரிசை போயிடுமே ஐயா. ஹலப் முதல் கட்டத்துல நிக்கும்."

"நிக்கட்டும். அதுதான் அதோட இடம்."

"நீங்க லீவு போட்டா, வர்றவங்க எப்படிக் கண்டுபிடிப்பாங்க?"

"லீவா? இருபத்தெட்டு வருஷத்துல நான் போட்ட லீவு..." என்று ஆரம்பித்தவர் தானே நிறுத்திக்கொண்டார். "பக்கத்துல ஒரு அட்டை மாட்டிடலாம். பழைய பேர், ஊர்க்காரங்க பேர், எத்தனாவது கட்டம். நானே எழுதித் தரேன்."

மேலதிகாரி கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். "போன வாரம் பேரைப் பத்தி அவ்வளவு பேசினீங்களே."

பூதக்கண்ணாடி கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்திவிட்டார். துடைப்பது காதை மறைத்ததோ என்னவோ.

பூகோளம் எச்சில் விழுங்கினார். ஞாயிற்றுக்கிழமை டீயைவிட இது கரித்தது.

"தப்பா பேசினேன் மேடம். பேர் ஒண்ணும் பண்ணலை. கை தடுமாறினதுக்கு வாய் சமாதானம் தேடுச்சு. நான் சீட்டைப் படிச்சுப் போடற ஆள் இல்ல. கை போற இடத்துல போடற ஆள். நீங்க பேரை மாத்தினப்போ இடமும் மாறிடுச்சு. அது உங்களுக்கும் தெரியலை, எனக்கும் தெரியலை."

"வரிசை அதேதான்னு நானும் நினைச்சுட்டேன்" என்றார் அவர் மெதுவாக. பிறகு, "சரி. நீங்க ஓய்வு பெறற வரைக்கும் உங்க இடம்தான். ஆனா பத்துன்னு சொன்னது பத்துதான்."

சீட்டுகளை உரித்து மாற்றி ஒட்ட ஒரு மணி நேரம் ஆனது. பிறகு பூகோளம் முக்காலியில் ஏறினார். முதல் உறையில் நாட்டுப்புறக் கையெழுத்தில் டூரின் என்று இருந்தது. அடுத்ததில் தொரீனோ. இரண்டும் ஒரே கட்டத்தில், ஒன்றின் மேல் ஒன்றாகப் போய் விழுந்தன. அதன்பின் அவர் சீட்டுகளைப் பார்க்கவே இல்லை. கை போய் வந்தது. லாரி டிரைவரால் அன்று ஒரு தூக்கம்கூடத் தூங்க முடியவில்லை.

பகலில் மேலதிகாரி வந்து பக்கத்தில் நிற்க, பூதக்கண்ணாடி எண்ணினார். வேண்டுமென்றே மெதுவாக எண்ணினார்.

"மூணு."

"ரெண்டு" என்றார் பூகோளம். "ஒண்ணு ஸ்டாம்ப்புப் பசையில ஒட்டிக்கிட்டுப் போனது. அது கணக்குல சேராது."

"மூணுதான்யா."

"மூணுன்னே எழுதிக்கோங்க" என்றார் மேலதிகாரி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. பூகோளம் அதற்கும் மேல் வாதாடவில்லை. முக்காலியின் இருக்கையை மட்டும் ஒரு முறை தடவிக்கொண்டார்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. பகல் டீ நேரத்தில், மூட்டை இறக்க வந்த புது ஆட்களிடம் அவர் பேசிக்கொண்டிருந்ததைப் பூதக்கண்ணாடி தன் காதாலேயே கேட்டார். "ஒருத்தரை அவர் பேர் சொல்லிக் கூப்பிடறதுதான்யா மரியாதை. அதனாலதான் நம்ம அலமாரியில எல்லாம் ஊர்க்காரங்க வெச்ச பேரு. வேற எந்த ஆபீஸ்லயும் இந்த ஏற்பாடு கிடையாது. யோசனை யாரோடதுன்னு கேளுங்க." பூதக்கண்ணாடி கேட்கவில்லை. டீ ஆறிவிடும் என்று போய்விட்டார்.

வீட்டில் அந்தச் சீட்டுகளை யாரும் உரிக்கவில்லை. கோதுமைமாவுப் பசை அப்படிப் பிடித்துவிட்டது. மிளகு ஹலப்பாகவும், உப்பு அத்தீனாவாகவும் நின்றன. சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து மனைவி கேட்பார்.

"ஏங்க, டீக்கு தொரீனோ ஒண்ணா ரெண்டா?"

"ஒண்ணரை" என்பார் பூகோளம்.

கை எடுத்துப் போடும். அளவு ஒருநாளும் தவறியதில்லை.